வயோதிகரும் ஆகாய விளையாட்டும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்னும் பழமொழி நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. இளம்பிராயத்திலே கற்கவேண்டுவதன் அவசியத்தை வற்புறுத்தவே முன்னோர் இதனைச் சொல்லினர் போலும். ஆயின் பிற்காலத்தார் இதன் கருத்தை நீட்டி, ஐம்பது கடந்தோர்க்குக் கற்கத்தக்கது ஒன்றுமில்லை, கற்றலும் அவர்க்கு இயலாது என்று தீர்ப்பளித்துவிட்டனர். அதன் பயனாக, உத்தியோகத்தினின்றும் ஓய்வுபெற்ற ஒருவர்க்கு நம் சமூகம் அளிக்கும் சம்மானங்கள் மூன்றே: திண்ணையில் ஒரு சாய்வு நாற்காலி, காலையில் ஒரு பத்திரிகை, இரவில் ஒரு மருந்துப் பெட்டி. இம்மூன்றையும் யான் இகழ்ந்தவனல்லேன். மூன்றும் என் இல்லத்திலும் உள. ஆயினும் இவற்றிற்கு மேல் நான்காவதொன்று முதியோர்க்கு வேண்டும் என்பதையும், அந்நான்காவது எனக்கு ஆகாயத்திலே கிட்டிற்று என்பதையும் நம் கலாசாலைச் சஞ்சிகையின் வாயிலாக நேயர்கட்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

யான் இக்கலாசாலையின் பழைய மாணவருள் ஒருவன். 33 ஆண்டுகள் ஓர் உயர்நிலைப் பள்ளியிலே பூகோளம் கற்பித்து ஓய்வுபெற்று, இப்பொழுது 67-ஆம் பிராயத்தில், தாமிரபரணிப் பாசனத்தில் அமைந்த ஒரு சிற்றூரில் வசித்து வருகின்றேன். பொதிகையில் தோன்றி, ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலுக்கருகே மன்னார் வளைகுடாவிற் கலக்கும் அந்நதியையும், அதன் குறுக்கே அமைந்த எட்டு அணைக்கட்டுக்களையும் கரும்பலகையில் யான் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. தேசப்படம் என்பது யாது? பூமியை மேலிருந்து நோக்குவான் ஒருவன் காணும் தோற்றமேயன்றோ? அத்தோற்றத்தை ஆயிரக்கணக்கான பிள்ளைகட்குப் போதித்த யான், நான் வாழும் நிலத்தை ஒரு நாளும் மேலிருந்து கண்டதில்லை. இளமையிற் குன்றேறிப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். பணியும் குடும்பமும் அதற்கு இடம் தரவில்லை. ஓய்வு வந்தபோது முழங்கால் நோவும் உடன் வந்தது. மருத்துவர் படியேறுதலையும் குறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஆகவே கண்ணால் மேலேறுதற்கு ஒரு வழி உண்டு என்று அறிந்தபோது எனக்குண்டான ஆவல் இத்தன்மைத்தென்று சொல்லுதல் அரிது.

அவ்வழியே ட்ரோன் எனப்படும் சிறு விமானம். ட்ரோன் என்னும் சொல் ஆங்கிலத்திலே ஆண் தேனீயைக் குறிப்பது. 1935-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் படையினர், பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காகும் பொருட்டு, வானொலி அலைகளால் இயங்கும் ஆளில்லா விமானமொன்றைச் செய்து அதற்கு 'ராணித் தேனீ' என்று பெயரிட்டனர். அப்பெயரையொட்டியே பின்வந்த ஆளில்லா விமானங்கட்கு இப்பெயர் வழங்கலாயிற்று என்பர். தொலைவில் நின்றே ஓர் ஊர்தியைச் செலுத்தும் கருத்து அதனினும் பழையது. 1898-ஆம் ஆண்டிலே நிக்கோலா டெஸ்லா என்னும் பேரறிஞர் நியூயார்க் நகரிலே ஒரு சிறு படகைக் கம்பியின்றி இயக்கிக் காட்டினார். நான்கு பெருஞ்சுழலிகளைக் கொண்டு மேலெழும் பொறியும் புதியதன்று. பிரெஞ்சு நாட்டு எதியென் ஓமிஷென் என்பார் 1924-ஆம் ஆண்டில் அத்தகைய பொறியொன்றில் தாமே அமர்ந்து, ஒரு கிலோமீட்டர் தூரம் சுற்றிவந்து புறப்பட்ட இடத்தை அடைந்தார். ஆயினும் அந்நாளில் நான்கு சுழலிகளையும் ஒரு மனிதன் தன் கையாலேயே சமன் செய்தல் பெரும்பாடாயிருந்தது. அவ்வேலையை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை செய்யவல்ல சிறு மின்மூளை பிறந்த பின்னரே இவ்விளையாட்டு எளியோர் கைக்கு எட்டிற்று.

இதன் இயக்கத்தைச் சுருங்கச் சொல்வேன். நான்கு மூலைகளிலும் நான்கு சிறு மோட்டார்கள் உள. அவற்றுள் இரண்டு வலஞ்சுழியாகவும் இரண்டு இடஞ்சுழியாகவும் சுழலும். அனைத்தும் ஒரே திசையிற் சுழலுமாயின் விமானத்தின் உடலும் எதிர்த்திசையிற் பம்பரம் போற் சுழன்றுவிடும். நான்கும் ஒருங்கே விரைந்தால் விமானம் எழும். பின்னிரண்டும் சிறிது விரைந்தால் முன்னே சாய்ந்து செல்லும். ஒரு பக்கத்தவை விரைந்தால் மறுபக்கம் நகரும். சுழலும் திசையால் ஒத்த இரண்டு மட்டும் விரைந்தால் நின்ற நிலையிலேயே முகம் திருப்பும். சாய்வை உணரும் கருவியொன்றும், காற்றழுத்தத்தால் உயரம் அறியும் கருவியொன்றும், வான்கோள்களின் குறிப்பால் தன் இடத்தை அறியும் ஜி.பி.எஸ். கருவியும் அதனுள்ளே அமைந்துள்ளன. ஆதலின் ஓட்டுபவர் கையை எடுத்துவிட்டாலும் அது வீழ்வதில்லை. நின்ற இடத்திலேயே, பூவின்மேல் நிற்கும் தேன்சிட்டுப் போல, அசையாது நிற்கும்.

நேயர்காள், வயோதிகர்க்கு இவ்விளையாட்டு உரியதாயதன் இரகசியம் இதுவே. முற்காலத்து மாதிரி விமானங்களைப் பறக்கவிடுதலில், ஒரு கணம் தயங்கினும் விமானம் மரத்திலோ தரையிலோ மோதி நொறுங்கும். விரைந்த கையும் கலங்காத கண்ணும் உடையாரே அதற்கு உரியர். இதுவோ சிந்திப்பதற்கு நேரம் தருகின்றது. எங்கே போகவேண்டும் என்பதை நாம் சொன்னாற் போதும். நடுங்காது நிற்கும் பொறுப்பைப் பொறி ஏற்றுக்கொள்ளுகின்றது. முதுமை நம்மிடமிருந்து பறிப்பது விரைவையேயன்றி விவேகத்தையன்று. விரைவு வேண்டாது விவேகம் வேண்டும் விளையாட்டு எதுவோ அது முதியோர்க்கு ஏற்ற விளையாட்டு.

பொறியியல் பயிலும் என் பேர்த்தியே எனக்கு ஆசிரியையாயினாள். ஊருக்கு மேற்கே, அறுவடை முடிந்த ஒரு தரிசு வயலில், தை மாதத்துக் காலைப்போதில் பாடம் தொடங்கிற்று. கையிலுள்ள பெட்டியில் இரு குச்சிகள். இடக்குச்சி ஏற்றம், இறக்கம், முகத்திருப்பம் ஆகியவற்றுக்கு உரியது. வலக்குச்சி முன், பின், பக்கங்கட்கு உரியது. "தாத்தா, பயம் வரும்போதெல்லாம் இரு கைவிரல்களையும் எடுத்துவிடுங்கள், அது நின்றுவிடும்" என்றாள். பயந்தபோது ஒன்றும் செய்யாதிருக்க வேண்டும் என்பது, 33 ஆண்டு வகுப்பறையில் யான் கற்ற பாடமே ஆதலின், எனக்கு அது எளிதாயிற்று.

கற்போர் பலரும் இடர்ப்படும் இடம் ஒன்று உண்டு. விமானம் நம்மைவிட்டு அப்பாற் செல்லும்போது அதன் வலமும் நம் வலமும் ஒன்றே. அது முகம் திருப்பி நம்மை நோக்கி வரும்போதோ அதன் வலம் நமக்கு இடமாகும். இளைஞர்களும் இவ்விடத்திலே திகைப்பர். எனக்கு அத்திகைப்பு உண்டாகவில்லை. தேகப்பயிற்சி ஆசிரியர் விடுமுறையிலிருந்த நாட்களில் பிள்ளைகட்கு முன்னின்று கைவீச்சுக் கற்பித்தவன் யான். எதிரே நிற்கும் பிள்ளைகள் வலக்கையைத் தூக்கவேண்டுமாயின், ஆசிரியன் தன் இடக்கையைத் தூக்கிக் காட்டவேண்டும். எதிர் நிற்பவன் நிலையிலிருந்து எண்ணும் அப்பழக்கம், நான்கு பத்தாண்டுகட்குப் பின் வயல் நடுவே எனக்கு உதவிற்று. பழைய கல்வி எதுவும் வீணாவதில்லை; அது எந்த வாயிலிற் புகுந்து வந்து துணை செய்யும் என்பதை மட்டும் நாம் முன்கூட்டி அறியோம்.

இனி என் நண்பரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் தெருவிலே 72 பிராயமுள்ள ஒருவர் இருக்கின்றார். புகைவண்டியிலே கார்டு உத்தியோகத்தில் இருந்தவர். அப்பதவிக்கு 2022-ஆம் ஆண்டு முதல் இரயில்வேயார் 'டிரெயின் மானேஜர்' என்று புதுப்பெயர் சூட்டியுள்ளனர். ஆயினும் எங்களூரில் அவர் என்றும் கார்டு அண்ணாச்சியே. திருநெல்வேலி முதல் செங்கோட்டை வரையுள்ள பாதையிலே, மீட்டர்கேஜ் காலத்திலும் அகலப்பாதைக் காலத்திலுமாக நெடுநாள் பணிபுரிந்தவர். இரண்டாண்டுகட்கு முன் அவர் மனைவியார் காலமானார். அதன்பின் அவர் வீட்டை விட்டு வெளியே வருதல் அரிதாயிற்று. மாலையில் யான் சென்றால் வரவேற்பார், தேநீர் தருவார், ஆனால் பேச்சு இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடும். அவர் மகன் சென்னைக்கருகே தாம்பரத்தில் வசிப்பவர். தந்தையைத் தம்முடன் அழைத்துக்கொள்ள விரும்பினார். இவர் வரவும் மறுத்தார். இங்கே வாழவும் மறந்தார்.

யான் விமானம் பறக்கவிடத் தொடங்கிய இரண்டாம் வாரத்தில் ஒரு குறை தோன்றிற்று. கையிலுள்ள திரையை நோக்கினால் வானத்தை நோக்க முடிவதில்லை. வானத்தை நோக்கினால் திரையைக் காண முடிவதில்லை. அன்றியும் என் தூரப்பார்வை குறைந்தது; உள்ளங்கையளவான பொறி நூறு கஜம் தள்ளிச் சென்றால் எனக்கு அது ஒரு கொசுவாகிவிடும். பருந்து வருகின்றதா, மின்கம்பி குறுக்கிடுகின்றதா என்று பார்த்துச் சொல்ல இன்னொரு ஜோடிக் கண்கள் வேண்டியிருந்தன. பேர்த்தியோ கல்லூரி திறந்ததும் சென்றுவிட்டாள். அப்போது அண்ணாச்சி நினைவுக்கு வந்தார். வாழ்நாள் முழுதும் தொலைவிலுள்ள கைகாட்டியின் நிறத்தைக் கண்டு பிழைத்த கண்கள் அவை. இரண்டிலும் புரை நீக்கிய பின்னர் முன்னினும் தெளிந்தன. கைகளோ ஓயாது நடுங்குவன. குச்சியைப் பிடித்தல் அவர்க்கு ஆகாது. என் கை நடுங்காது, கண் எட்டாது. "அண்ணாச்சி, நம் இருவரையும் கூட்டினால் ஒரு முழு ஓட்டுநர் தேறுவார், வருகிறீர்களா?" என்றேன். அவர் சிறிது நேரம் என்னை நோக்கினார். "பச்சை காட்டினால் போகலாம், சிவப்புக் காட்டினால் நிறுத்தவேண்டும், அவ்வளவுதானே, வாத்தியாரையா? அது எனக்குத் தெரிந்த வேலைதான்" என்று சொல்லி எழுந்தார். மறுநாட் காலையில், பல மாதங்கட்குப் பின், துண்டைத் தோளிலிட்டுக்கொண்டு அவர் வயலுக்கு வந்தார். அவர் கையிலே மெய்யாகவே ஒரு பச்சைக்கொடியும் ஒரு சிவப்புக்கொடியும் இருந்தன.

அதுமுதல் எங்கள் ஒழுங்கு இதுவாயிற்று. காற்று எழுமுன், காலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையிலே பறக்கவிடுவோம். ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே தென்மேற்குக் காற்று சீறி வரும். இலேசான பொறி அதனை எதிர்த்துத் திரும்புதல் கடினம். ஆதலின் அம்மாதங்களில் விமானம் பெட்டியிலே உறங்கும். மின்கலம் ஒன்று இருபது நிமிஷம் தாங்கும்; மூன்றிலொரு பங்கு மிஞ்சியிருக்கும்போதே இறக்கிவிடுவோம். உப்பிய மின்கலத்தை மீண்டும் உபயோகியோம். லித்தியம் சேர்ந்தது ஆதலின் தீப்பற்றக்கூடியது. அண்ணாச்சி ஒவ்வொரு பறத்தலையும் ஒரு குறிப்பேட்டில் புறப்பாடு, வந்துசேர்வு, தாமதம் என்று மூன்று பத்திகளில் எழுதி வைப்பார். இதுகாறும் அக்குறிப்பேட்டில் 140 பறத்தல்கள் பதிவாகியுள்ளன. தாமதம் என்ற பத்தி பெரும்பாலும் வெறுமையாகவே உள்ளது என்பதில் அவர்க்குத் தனிப்பெருமை.

மேலிருந்து யாங்கள் கண்டவை பல. நின்ற மனிதன் கண்ணுக்குச் சமதரையில் அடிவானம் நாலரைக் கிலோமீட்டர் தூரத்திலே முடிந்துவிடும். 400 அடி உயரம் ஏறினாலோ, காற்றுத் தெளிவாயிருப்பின், அது ஏறக்குறைய 39 கிலோமீட்டர் அகன்றுவிடும். பூமி உருண்டை என்பதற்கு யான் வகுப்பிற் சொல்லிவந்த நிரூபணங்களுள் ஒன்று இது. அதனைக் கண்ணாற் கண்டது இம்முதுமையிலேயே. எங்கள் பகுதிக் குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தவை. மேற்குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்நீர் அடுத்த குளத்துக்குச் செல்லும். தரையில் நடப்பவர்க்கு ஒவ்வொன்றும் தனித்தனிக் குளம். மேலிருந்து நோக்கின், சரிவைத் தடுத்து வில்போல் வளைந்த கரைகள் ஒன்றையடுத்து ஒன்றாக, ஒரே சங்கிலியின் கண்ணிகளாகத் தோன்றும். அளவைக் கருவிகள் மிகுதியாக இல்லாத காலத்தில், நீரோடும் வழியை மட்டும் கண்டறிந்து அக்கரைகளை இட்டவர்களின் அறிவை எண்ணுந்தோறும் தலை தாழும். சங்கிலியில் ஒரு கண்ணி, புதரடைந்த கால்வாயால் அறுபட்டிருப்பதையும் கண்டோம். அப்படத்தை ஊர்ப் பெரியோர்கள் கூடியிருந்தபோது காட்டினோம். வாய்ச்சொல்லாகப் பலமுறை கேட்டும் அசையாதவர்கள், படத்தைக் கண்டதும் புதர் நீக்குதற்கு நாள் குறித்தனர்.

எனினும் என் நெஞ்சில் நிலைத்தது வேறொரு காட்சி. ஒரு விடுமுறை நாளில் பேர்த்தி வந்திருந்தாள். அன்று அவள் கண்ணாக நிற்க, அண்ணாச்சி முதன்முறையாகத் திரையை நோக்கி அமர்ந்தார். இருப்புப்பாதைக்கு வெகு தூரத்தில், வயலுக்கு மேலேயே விமானத்தை நிறுத்தி, பாதையிருக்கும் திசையில் முகத்தைத் திருப்பிவைத்தேன். சேரன்மாதேவிப் பக்கமிருந்து காலை வண்டி வந்தது. தொலைவில், பச்சை வயல்களின் நடுவே, எஞ்சின் முதல் கடைசிப் பெட்டி வரையில், அவ்வண்டி முழுவதும் திரையில் ஒரு விரலளவில் ஊர்ந்து சென்றது. அவர் ஒன்றும் பேசவில்லை. வண்டி மறைந்த பின்னர், "இத்தனை வருஷம் இதன் வாலிலேயே இருந்துவிட்டேன், வாத்தியாரையா. தலையையும் வாலையும் ஒன்றாக இன்றைக்குத்தான் பார்த்தேன்" என்றார். சிறிது பொறுத்து, "அவளும் பார்த்திருந்தால் நன்றாயிருக்கும்" என்றார். இரண்டாண்டுக் காலத்தில் தம் மனைவியாரைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அதுவே முதன்முறை. அன்று மாலை தேநீர் ஆறும்வரை அவர் பேசினார்.

இவ்விளையாட்டுக்கு வரம்பு உண்டு. மேலிருந்து நோக்கும் கண், பிறர் வீட்டு முற்றத்தையும் நோக்கவல்லது. எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி, "என் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்க்கும் அந்தத் தும்பி வேண்டாம், ஐயா" என்று எங்களிடம் நேரே வந்து சொன்னார். அவர் சொல்லு முன்னரே வீடுகட்கு மேலே பறக்கவிடுவதில்லை என்ற நியமம் எங்களுக்கு இருந்தது. அதனை அவர்க்கு உரைத்துத் திரையில் வயலை மட்டும் காட்டியபின் அமைதியுற்றார். ஆற்றுப் படித்துறைகளின் மேலும் செலுத்துவதில்லை. பறவைகள் கூடுகட்டும் இடங்களை அணுகுவதில்லை. நம் ஜில்லாவிலுள்ள கூந்தன்குளத்து மக்கள், வந்து தங்கும் பறவைகள் அஞ்சுமென்று பட்டாசு வெடித்தலையும் விலக்கியவர்கள். அத்தகைய மண்ணிலே இரையும் பொறியொன்றைக் கொண்டு பறவைகளைக் கலைத்தல் தகுமோ? பருந்தோ கரிச்சானோ விமானத்தை எதிர்த்து வந்தால் அண்ணாச்சி சிவப்புக்கொடியை உயர்த்துவார், உடனே இறக்கிவிடுவோம். ஆகாயம் முதலில் அவற்றினுடையது.

அரசாங்க விதிகளும் அறியத்தக்கன. 2021-ஆம் ஆண்டில் வெளியான ட்ரோன் விதிகள் எடைக்கேற்ப விமானங்களை ஐந்து வகையாகப் பிரித்தன. 250 கிராமுக்கு மேற்படாதது 'நானோ'. எங்களுடையது இவ்வகையைச் சேர்ந்தது. அதற்குமேல் இரண்டு கிலோகிராம் வரை 'மைக்ரோ'. நாடெங்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூவகை வட்டாரங்கள் வகுக்கப்பெற்றன. பச்சை வட்டாரத்தில் 400 அடி வரை முன்னனுமதியின்றிப் பறக்கவிடலாம். சிவப்பில் மத்திய அரசாங்கத்தின் அனுமதியின்றிக் கூடாது. புறப்படுமுன் வரைபடத்தை நோக்குதல் ஒவ்வொருவர்க்கும் கடமை.

இவ்விதிகளுள் ஒன்று என் மனத்தை வருத்திற்று. பெரிய விமானங்களைச் செலுத்தவும் தொழிலாக ஓட்டவும் வேண்டும் சான்றிதழுக்கு 18 பிராயத்துக்குக் குறையாமலும் 65 பிராயத்துக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும் என்பது அவ்விதிகளின் நிபந்தனை. குளங்களை முறைப்படி அளந்து படம் வரையக் கற்கவேண்டுமென்று யான் ஒரு பயிற்சிச் சாலைக்குச் சென்றேன். அங்கிருந்த இளைஞர் என் பிராயத்தைக் கேட்டு, மரியாதையோடு தலையசைத்து அனுப்பிவிட்டார். அவர்மேற் குறையில்லை, விதியையே அவர் உரைத்தார். நானோ விமானத்துக்கும், தொழில்நோக்கமின்றிச் செலுத்தும் மைக்ரோ விமானத்துக்கும் சான்றிதழ் வேண்டாம் என்று அதே விதிகள் கூறுதலின், எங்கள் விளையாட்டுக்கு இடையூறில்லை. முன்வாயில் மூடியிருப்பினும் பக்கத்துச் சிறுவாயில் திறந்திருக்கின்றது. ஆயினும் யான் கேட்கும் வினா ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டார் 2016-ஆம் ஆண்டில் வகுத்த விதியில், தொழிலாக ஓட்டுபவர்க்குக் கீழெல்லை 16 பிராயம், மேலெல்லை இல்லை. பரீட்சை ஒன்று உண்டு. 24 மாதங்களுக்கு ஒருமுறை அறிவைப் புதுப்பித்துக்கொள்ளுதலும் உண்டு. கண்ணும் கையும் அறிவும் தகுதியுடையனவோ என்று பரீட்சித்து அறிதல் நியாயம். 70 பிராயத்தார் ஒருவர் அப்பரீட்சையில் தவறினால் அவரை நீக்குக. தேறினால் அவர் பிறந்த வருஷத்தைக் கொண்டு நீக்குதல் எவ்வாறு பொருந்தும்? பரீட்சை எழுதாத மாணவனைத் தவறியவன் என்று யான் ஒருநாளும் குறித்ததில்லை.

முதியோர் புதியன கற்றலாற் பயனுண்டு என்பதற்கு ஆராய்ச்சியும் சான்று பகர்கின்றது. அமெரிக்காவிலே டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் கிளையைச் சேர்ந்த டெனிஸ் பார்க் என்னும் அம்மையாரும் அவர் துணைவர்களும் 2014-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். 60 முதல் 90 பிராயம் வரையுள்ளோரைப் பல குழுவினராகப் பிரித்து, சிலர்க்குப் புதிய காமிரா கொண்டு படம்பிடிக்கும் கலையையும், சிலர்க்கு ஒட்டுத்துணித் தையலையும், வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம் வீதம் மூன்று மாதம் கற்பித்தனர். வேறு சிலர் கற்றலின்றிக் கூடி அளவளாவினர். முடிவில், கடினமான புதுக்கலையைக் கற்றவர்களின் ஞாபகசக்தியே மேம்பட்டது. வெறுமனே பொழுதுபோக்கியவர்க்கு அவ்வளவு பயனில்லை. அவர்கள் கற்றது ஆகாய விமானமன்று. ஆயினும் பயன் தந்தது விளையாட்டின் பெயரன்று, அதிலுள்ள அருமையே என்பது தெளிவு. எளிதானது பொழுதைப் போக்கும். அரிதானது நம்மைக் காக்கும்.

இப்பொழுது ஒரு செய்தி. வரும் சித்திரைக்குப் பின் அண்ணாச்சி தாம்பரத்துக்குச் செல்கின்றார். மகன் வற்புறுத்தியதால் அன்று, தாமே தீர்மானித்தார். "இங்கே இருக்க முடியாது என்பதனால் போகவில்லை. இனி எங்கே இருந்தாலும் இருக்கலாம் என்று தோன்றுகிறது, அதனால் போகிறேன்" என்று காரணமும் கூறினார். அவர் செல்லுமிடம் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் தாம்பரம் விமானப்படை நிலையத்துக்கும் அண்மையது. அங்கே எங்கள் சிறு விமானத்துக்கு இடமில்லை. "பரவாயில்லை, வாத்தியாரையா, அங்கே பெரிய விமானங்கள் வரும். அவற்றுக்குப் புறப்பாடு, வந்துசேர்வு எழுதிக்கொண்டிருப்பேன்" என்று நகைத்தார். நகைத்தல் அவர்க்கு மீண்டது. எனக்கோ கண் ஒன்று குறைகின்றது. ஒருவரை வீட்டினின்றும் வெளியே அழைத்தவன், அவர் அதனினும் அப்பாற் செல்லும்போது வருந்துதல் முறையன்று என்று என் அறிவு சொல்லுகின்றது. மனம் அதனை மெல்ல மெல்லவே கேட்கும் போலும்.

மாணவ நண்பர்காள்! உங்கள் இல்லங்களில் தாத்தாவோ ஆச்சியோ இருப்பர். அவர்கள் செல்பேசியில் ஒரு விசையைப் பற்றிக் கேட்டால் அதனைப் பிடுங்கி நீங்களே அமுக்கித் தருகின்றீர்கள். அன்பினாலேயே அவ்வாறு செய்கின்றீர்கள். ஆயின் அவ்வன்பு அவர்க்கு ஒரு நொடியை மிச்சப்படுத்தி ஒரு கல்வியைத் தடுத்துவிடுகின்றது. அடுத்த முறை கையைப் பின்னே கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள். அவர்கள் தாமதிப்பர்; இரண்டாம் முறையும் கேட்பர். நீங்கள் நடை பயின்ற காலத்தில் அவர்கள் அவ்வாறே உங்கள் பின்னே நின்றனர். ஆகாய விமானந்தான் வேண்டுமென்பதில்லை. வீணையாகலாம், தோட்டமாகலாம், வேற்றுமொழியாகலாம். எதுவாயினும் அவர்க்குப் புதியதாகவும் சிறிது கடினமாகவும் இருத்தல் வேண்டும்.

என் சம பிராயத்தாராகிய பழைய மாணவர்க்கும் ஒரு சொல். நமக்குக் குறைந்தவற்றை எண்ணிக் கொண்டிருந்தால் நாள் போதாது. ஒருவருக்குக் கண் குறையும், மற்றொருவருக்குக் கை குறையும், இன்னொருவருக்குக் கால் குறையும். குறையுடைய இருவர் கூடினால் குறைவற்ற ஒருவர் உண்டாதல் கூடும் என்பதை ஒரு தரிசு வயலில் யாங்கள் கண்டோம். ஆதலின் தனித்துக் கற்க வேண்டாம், துணையோடு கற்போமாக. அண்ணாச்சி அந்தக் குறிப்பேட்டையும் இரு கொடிகளையும் என்னிடம் ஒப்புவித்துச் செல்வதாகச் சொல்லியிருக்கின்றார். குறிப்பேட்டில் இன்னும் பல பக்கங்கள் எஞ்சியுள்ளன. காற்றடங்கிய காலைப்போதுகளில் மேற்கு வயலில் யான் இருப்பேன். தூரத்துப் பொருளைத் தெளிவாகக் காணும் கண்ணுடையார் எவரேனும், எப்பிராயத்தவராயினும், வந்து அக்கொடிகளை ஏற்றுக்கொள்வாராக.